தங்கபுஷ்பம் பேசாமல் இருந்த வாரம்

உப்பளஞ்சேரியில் கடைசியாக ஒரு உருப்படியான சண்டை நடந்தபோது தங்கபுஷ்பத்தின் தலையில் ஒரு நரைமுடிகூடக் கிடையாது. இப்போது அவள் நரைக்கு மை பூசுவதையே விட்டாயிற்று. இடைப்பட்ட காலத்தில் இந்த ஊரில் ஒரு மாமியார் மருமகளின் கொண்டையைப் பிடித்ததில்லை. ஒரு பங்காளி வேலிக்கல்லைப் பிடுங்கி எறிந்ததில்லை. கல்யாணப் பந்தியில் தாய்மாமன் ஒருவராவது இலையை மூடிவிட்டு எழுந்து போனாரா என்றால் அதுவும் இல்லை. அப்புறம் ஒரு மனுஷி எதைத்தான் பேசுவாள்?

ஆனாலும் பேசினாள். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம், அமைதிப்படை முகாமின் கேட்டுக்கு எதிரே அவளுடைய இட்லிக்கடை. இரண்டு இட்லி தின்று கைகழுவுவதற்குள் யார் வீட்டில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிற விவரம் சட்னியோடு சேர்ந்து உள்ளே போய்விடும். சொந்த மகள் ஒரு படகு மெக்கானிக்கோடு கிளம்பிப் போனதைக்கூட, அவள் பஸ் ஏறும் முன்பே கடையில் சொல்லி முடித்தவள் தங்கபுஷ்பம். "நான் யார்ட்டப் போயி சொல்லப்போறேன்" என்று அவள் ஆரம்பித்தால், விஷயம் வெயில் ஏறுவதற்குள் வாய்க்காலைத் தாண்டிவிடும்.

வாய்க்கால் பெரிதாக ஒன்றும் இல்லை. கடல் ஏறி வந்து தெற்கே இருந்த ஊர்களை விழுங்கியபோது, மிச்சமிருந்த ஜனங்கள் சட்டிபானையோடு வந்து அதன் தென்கரையில் குடிசை போட்டார்கள். வடகரையில் இருந்தவர்கள் முதலில் கஞ்சி ஊற்றினார்கள். பிறகு, நல்லதண்ணி ஆலையின் குழாய் யாருக்கு முதலில் என்று கேள்வி வந்தது. அதற்கப்புறம் கஞ்சி ஊற்றிய கையே அரிவாள் எடுத்தது. இரண்டு பக்கமும் தலைகள் விழுந்தன. தங்கபுஷ்பத்தைப் பெற்ற அய்யாவைப் பட்டப்பகலில், குழாயடியில், அந்தப் பக்கத்துப் பலவேசம் வெட்டினான். அய்யாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவளுடைய தம்பி சேர்மதுரை.

அதன் பிறகுதான் உலக அமைதி மன்றத்திலிருந்து நீலத்தொப்பிக்காரர்கள் வந்தார்கள். கூடவே டவர் வந்தது.

டவருக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. முகாம் வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள், யாரும் முழுதாகப் படித்ததில்லை. பாகுபாடு வந்துவிடக் கூடாதென்று அதன் வயிற்றை, அதாவது மிஷினை, இந்தப் பக்கம் முகாமுக்குள்ளும், தலையை அந்தப் பக்கம் பாலத்தடியிலும் வைத்தார்கள். உயரக் கம்பம், உச்சியில் ஒரு நீல விளக்கு. மனுஷ மூளையில் கோபம் எங்கே பற்றுகிறதோ அந்த இடத்தைத் தடவிக்கொடுக்கிற மாதிரி ஒரு அலை இதிலிருந்து வரும் என்று முதல் கூட்டத்தில் சொன்னார்கள். ஊர் சிரித்தது. அன்று சாயங்காலமே தங்கபுஷ்பம் தன் புருஷன்மேல் கரண்டியை ஓங்கினாள். ஓங்கிய கை நனைந்த கயிறு மாதிரி தொளதொளவென்று கீழே இறங்கியது. எதற்கு ஓங்கினோம் என்பதும் சரியாக ஞாபகம் இல்லை. அந்த மனுஷன் பிற்பாடு மஞ்சள்காமாலையில் போய்ச் சேரும்வரைக்கும் அந்த வீட்டில் கரண்டி குழம்பில் மட்டும்தான் இறங்கியது.

காலப்போக்கில் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டானது. கோபம் வந்தால் ஆள் அப்படியே நின்று, கழுத்தைத் திருப்பி நீல விளக்கைப் பார்க்க வேண்டும். அது சிமிட்டும்வரை நிற்க வேண்டும். பிறகு, "டவர் விட மாட்டேங்கு" என்று சுற்றியிருப்பவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட வேண்டும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் சேர்மதுரைதான் ஊருக்கே உதாரணம். எலெக்ட்ரீசியன். கல்யாணம் வேண்டாமென்று அக்கா வீட்டோடு இருந்தவன். வேலைக்குப் போகும்போதெல்லாம் பாலத்தைத் தாண்டி, டவர் அடியில் இருக்கும் பலவேசத்தின் கயிற்றுக்கடை முன்னால் நிற்பான். உள்ளே பலவேசம் கயிறு அளந்துகொண்டிருப்பான். இவன் அண்ணாந்து விளக்கைப் பார்ப்பான். "விட மாட்டேங்கு" என்பான். போய்விடுவான்.

"டவர் மட்டும் இல்லேன்னா அவன் தலை என்னைக்கோ உருண்டிருக்கும்" என்று இந்தப் பக்கத்து ஆம்பளைகள் மீசையை நீவிக்கொள்வார்கள். வீட்டில் எலி விழுந்தால் அதைப் பொறியோடு தூக்கிப்போய் அந்தப் பக்கத்து வயலில் விட்டுவிட்டு வருகிறவன் சேர்மதுரை. அவன் எதிரிகளுக்குச் செய்த கெடுதல் அது ஒன்றுதான். இதைத் தங்கபுஷ்பம் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சில விஷயங்கள் தங்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாம் ஒரு புள்ளிக்கோழியால் கெட்டது.

அடைக்கு உட்கார வேண்டிய கோழியைக் காணோம். முகாம் வேலியில் ஓர் ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரியும். முகாமில் அவளுக்குத் தெரியாத ஓட்டை கிடையாது. சிப்பாய்களுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோன கையோடு, கேட்பார் இல்லாததால், டவரின் வயிறு இருக்கும் கொட்டகைக்குள் தலையை நீட்டினாள். மிஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கொடி கட்டி சிப்பாய்கள் பனியன் காயப்போட்டிருந்தார்கள். மிஷினின் கதவைக் கழற்றி அதன்மேல் மிளகாய் பரத்தியிருந்தது. கதவு இருந்த இடத்தில், வயர்களுக்கு நடுவே வைக்கோலைப் பரப்பிக்கொண்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது புள்ளிக்கோழி.

பின்னால் காலடிச் சத்தம். மேஜர் ஒகேலோ. நெட்டை மனிதர்; ஆப்பிரிக்காக்காரர்; இரண்டு வருடமாக அவள் கையால்தான் சாப்பிடுகிறார். அவர் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும். அவர் தன் பாஷையில் பேசினால் அது தமிழில் பேசும். அது எங்கே தமிழ் படித்ததோ தெரியாது.

"வணக்கம், அம்மையீர்" என்றது பெட்டி. "இவ்விடம் தடைசெய்யப்பட்ட பகுதி என்பதைத் தங்களுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன்."

"கோழியைத் தேடி வந்தேன் சார். அதென்ன, மிஷினைத் தொறந்து போட்டிருக்கு?"

மேஜர் அவளையே பார்த்தார். பிறகு பெட்டியைக் கழற்றி, பனியன் காய்ந்த கொடிக்கு அப்பால் வெயிலில் வைத்துவிட்டு வந்தார்.

"அது கேக்கும்" என்றார், அவள் கடையில் கற்றுக்கொண்ட சொந்தத் தமிழில். "கேட்டு மேல அனுப்பும். இப்போ நான் பேசுறேன். அக்கா, செத்துப்போச்சு."

"கோழியா? கண்ணு முழிச்சுப் பாக்கே!"

"மிஷின்."

தங்கபுஷ்பம் கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"எப்போ?"

"எனக்கு முன்னாடி ஒரு மேஜர். அவருக்கு முன்னாடி ஒருத்தர். அவருக்கும் முன்னாடியே செத்துப்போச்சு. ஒரு சாமான் உடைஞ்சது. சின்னது, உங்க கரண்டி மாதிரி. புதுசு வரணும்னா அஞ்சு நாடு கையெழுத்துப் போடணும். நாலு போட்டாச்சு."

"அஞ்சாவது ஏன் போடல?"

"நாலுல ஒரு நாட்டை அதுக்குப் பிடிக்காது."

"அதுக்கும் எங்களுக்கும் என்ன சார்?"

"ஒண்ணும் இல்ல. உங்க ஊர் எங்க இருக்குன்னே அதுக்குத் தெரியாது."

"நீங்க சொல்லுதது சரியில்லயே. இத்தன வருசமா ஊருல ஒருத்தனும் ஒருத்தனை அடிக்கலயே சார்!"

"ஆமா" என்றார் மேஜர். அவருக்கும் அதுதான் ஆச்சரியம் போலிருந்தது. கவிழ்த்துக் கிடந்த ஒரு பக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். "எங்க வீட்டுல எல்லாரும் நீலத்தொப்பி, அக்கா. தாத்தா போன எடத்துல கையில பைனாகுலர் மட்டும். ரெண்டு பட்டாளத்துக்கு நடுவுல டென்ட் போட்டு உக்காந்தார். ஆறு மாசம்னு அனுப்பினாங்க. அந்த டென்ட் இன்னும் அங்கயே இருக்கு. உள்ள வேற ஆளு."

"சரி."

"அப்பா காலத்துல துப்பாக்கி குடுத்தாங்க. சுடாதேன்னும் சொன்னாங்க. ஒரு ஊருல 'இங்க வாங்க, இங்க பயம் இல்ல'ன்னு போர்டு வெச்சாங்க. ஜனம் நம்பி வந்துச்சு. லாரியில அவங்களைக் கொல்ல மத்தவன் வந்தான். அப்பா கேம்ப் கேட்டைப் பூட்டினார். உத்தரவு. ஜனம் வெளிய." மேஜர் ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "அதுக்கப்புறம் அப்பா எங்க வீட்டுக் கதவைப் பூட்டினதே இல்ல. சாகுறவரைக்கும். திருடன் ரெண்டு தடவை வந்தான்."

தங்கபுஷ்பத்துக்கு அந்தத் திருடனைப் பற்றி மேலும் விசாரிக்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டாள்.

"அப்புறம்தான் பெரிய படிப்பு படிச்சவங்க சொன்னாங்க, மனுஷன் வேண்டாம், மிஷின் வைப்போம்னு. ஆனா தாத்தா ஒண்ணு சொல்வார். நாங்க யாரையும் தடுக்கலடா. சண்டை வேண்டாம்னு நெனக்கிறவன் வீட்டுக்குப் போயி என்ன சொல்வான்? பயந்துட்டேன்னு சொல்ல முடியுமா? 'நீலத்தொப்பி விடல'ன்னு சொல்வான். பொண்டாட்டி சோறு போடுவா. தொப்பி அதுக்குத்தான்." அவர் எழுந்தார். "இது வெளிய போச்சுன்னா அந்தச் சாக்கு போச்சு. அக்கா, ப்ளீஸ்."

"நான் யார்ட்டப் போயி சொல்லப்போறேன்" என்றாள் தங்கபுஷ்பம், பழக்கதோஷத்தில்.

அவள் கடையில் இரண்டு வருடம் சாப்பிட்டவர் மேஜர். அவர் முகம் வாடிப்போனது.

கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நாக்கின் நுனியில் இவ்வளவு பெரிய விஷயம் ஏறி உட்கார்ந்ததே இல்லை. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று புரண்டது: டவர் இல்லையென்று தெரிந்தால், ஊர் முதலில் யார் முகத்தைப் பார்க்கும்?

சேர்மதுரை பின்கட்டில் யாருடைய மிக்சியையோ பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"லே துரை. டவரு..." என்று ஆரம்பித்தாள்.

அவன் நிமிராமலே, "கோழி அங்கதான் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"உச்சியில பல்பு மாத்துதது நான்தானேக்கா. அவங்க ஆளுகளுக்கு அவ்வளவு உயரம் ஏறப் பயம். மொதல் தடவை ஏறினப்பவே பாத்தேன், மேல வார வயர்ல கரண்டே இல்ல. பல்புக்கு மட்டும் தனியா ஒரு லைன் இழுத்துக் குடுத்தேன்."

தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ தெனமும் அவன் கடை முன்னால நின்னு, டவர் விட மாட்டேங்குன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"அது டவர் இல்லியா? நீயாலே?"

சேர்மதுரை ஸ்க்ரூ ஒன்றைத் துடைத்து வரிசையில் வைத்தான். "அய்யாவ வெட்டினப்போ நான் பலவேசம் மூஞ்சியப் பாத்தேன்க்கா. அவனுக்கு வெட்டத் தெரியல. அரிவாள நேராக்கூடப் பிடிக்கல. பயத்துல வெட்டினான். வெட்டிட்டு அவனே அழுதான். அதப் பாத்தப்புறம் எனக்கு எப்படிக் கை வரும்? ஆனா இதப் போயி நான் ஊருல சொல்ல முடியுமா? மூஞ்சில துப்ப மாட்டானுவ?"

"அவனுக்குத் தெரியுமா, இது ஓடலன்னு?"

"தெரியாது. அவனும் இந்த விளக்க நம்பித்தான் காலையில கடை தெறக்கான்." அவன் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். "எக்கா, நீ எத வேணும்னாலும் பேசு. என்னைப் பத்திப் பேசு, வாங்கிக்கிடுதேன். இத மட்டும் முழுங்கிரு."

"அய்யா மேல ஆணைலே" என்றாள் அவள்.

சொன்னபடி செய்தாள் என்பதுதான் கொடுமை.

மறுநாள் காலையில் இட்லி வைத்தாள், சாம்பார் ஊற்றினாள், காசு வாங்கினாள். வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் திறந்தால்கூட அது நழுவி வெளியே விழுந்துவிடும் என்று பயம். வேறு எதையாவது பேசலாமென்று பார்த்தாள். எந்த வீட்டுக் கதையை எடுத்தாலும் அது சுற்றி வளைத்து டவரில் போய் முட்டியது. அந்த வீட்டு அண்ணன் தம்பி ஏன் அடித்துக்கொள்ளவில்லை? இந்த வீட்டு மருமகள் ஏன் இன்னும் பொறுத்துக்கொள்கிறாள்? எல்லாவற்றுக்கும் பதில் அந்த நீல விளக்கு. கடைசியில் 'சட்னி போதுமா' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

முதல் நாள், பல்வலி என்றார்கள். அடுத்த நாள், மகள் திரும்பி வந்துவிட்டாள் என்றார்கள். அதற்கடுத்த நாள் அந்தப் பக்கத்திலிருந்தே ஆட்கள் வந்து உட்கார்ந்து, இட்லியைப் பிய்த்துக்கொண்டே அவள் வாயைப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் பேசினால் ஊர் பாதிதான் நம்பும். அவள் பேசாமல் இருந்ததை ஊர் முழுதாக நம்பியது.

சலூன் கொம்பையாதான் முடிச்சை அவிழ்த்தவர். கத்திரிக்கோல் பிடித்த கை. எதையும் வெட்டி வெட்டித்தான் யோசிப்பார்.

"இங்க பாருங்கப்பா" என்றார், ஒருவன் தலையைப் பாதி வெட்டிய நிலையில். "கல்யாண விசயமா? சொல்லியிருக்கும். கள்ளத்தொடர்பா? ரெண்டு தடவ சொல்லியிருக்கும். சொந்த மக ஓடினதையே வெத்தல பாக்கு வைக்காத கொறையாச் சொன்ன பொம்பள. அது ஒரு விசயத்த முழுங்குதுன்னா, அது வெளிய வந்தா அதோட ஒரு உசுருக்கு ஆபத்துன்னு அர்த்தம். அதுக்கு இருக்கது ஒரே உசுரு. தம்பி. அந்தத் தம்பிக்கு இந்த ஊருல எதனால ஆபத்து வரும்?"

பாதி வெட்டிய தலைக்காரன் கண்ணாடி வழியாக டவரைப் பார்த்தான். சலூனில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அது சிமிட்டியது.

"சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார் கொம்பையா.

அவருக்கும் அவருடைய சகலை முத்தையாவுக்கும் ஒரு நடுச்சுவர் விஷயத்தில் வெகுகாலமாகப் புகைச்சல். முத்தையாவைப் பாலத்துக்கு வரச்சொன்னார். டவர் அடியில், இரண்டு பக்கத்தாரும் பார்த்திருக்க, விளக்கைப் பார்க்காமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓங்கி ஓர் அறை.

அந்தச் சத்தம் தங்கபுஷ்பத்தின் இட்லிச்சட்டி வரைக்கும் கேட்டது.

முத்தையா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டவரைப் பார்த்தார். கொம்பையாவைப் பார்த்தார். பிறகு அவரும் ஓர் அறை விட்டார். அது இன்னும் சுத்தமாக விழுந்தது.

மிஷின் செத்துப் போயிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை காலமாக இந்த ஊரில் சும்மா இருந்தது நாமேதான் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கலாம். அப்படி யாருக்கும் தோன்றவில்லை. 'ஏமாத்திட்டானுவளே' என்றுதான் தோன்றியது. தன் கோபத்தை யாரோ களவாடி வைத்திருந்த மாதிரி ஒவ்வொருவரும் கொதித்தார்கள். அன்று சாயங்காலமே ஒரு வேலிக்கல் பிடுங்கப்பட்டது. ஒரு பந்தியில் இலை மூடப்பட்டது. ஒரு கொண்டை கையில் வந்தது. பேசுவதற்கு ஊர் நிறைய விஷயம். தங்கபுஷ்பம் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் இந்தப் பக்கத்து ஆம்பளைகள் கும்பலாக வந்து சேர்மதுரையைக் கூட்டிப்போனார்கள். அடித்து இழுத்துப் போகவில்லை. மாப்பிள்ளை அழைப்பு மாதிரி தோளில் கைபோட்டுத்தான் கூட்டிப்போனார்கள். அதைப் பார்த்துத்தான் தங்கபுஷ்பம் பின்னாலேயே ஓடினாள்.

கயிற்றுக்கடை திறந்திருந்தது. பலவேசம் கையில் பாதி அளந்த கயிறோடு எழுந்து நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கும். கூட்டம் விலகி சேர்மதுரைக்கு இடம் விட்டது. யாரோ அவன் கையில் எதையோ திணிக்கப் பார்த்தார்கள். அவன் வாங்கவில்லை.

பழகிய இடத்தில் போய் நின்றான். பழகினபடியே அண்ணாந்தான். விளக்கு சிமிட்டும்வரை காத்திருந்தான்.

"விட மாட்டேங்கு" என்றான்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு இந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. அந்தப் பக்கமும் சேர்ந்து சிரித்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றைச் செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சேர்மதுரை தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வீட்டுக்கு நடந்தான். போகும்போது ஒருவர் நிஜமாகவே துப்பினார்.

சிரிக்காதவன் பலவேசம் ஒருவன்தான். ஊரே பார்க்க அவமானப்பட்டவன் சும்மா இருப்பானா என்று அவன் யோசித்திருப்பான். கயிறு வெட்டும் கத்தி அதுவரைக்கும் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அதை உட்காரும் பலகைக்கு அடியில் வைத்தான்.

யாரோ எறிந்த கல்லில் நீல விளக்கும் உடைந்தது. கம்பம் மொட்டையாக நின்றது.

"புதுசு ஒண்ணு போட்டுட்டு வந்துருதேன்" என்றான் சேர்மதுரை, இரண்டு நாள் கழித்து, ஒரு காலை வேளையில்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ஓடலன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. இனி எதுக்குலே அந்தச் சனியன்?"

"தெரிஞ்சாலும் பரவால்லக்கா. அண்ணாந்து பாக்க ஒண்ணு இருந்தா, நாலு பேருக்காவது நிக்கத் தோணும்."

"பலவேசம் கடையத் தாண்டிப் போணும்லா."

"அவன்ட்டயும் சொல்லிட்டுத்தான் போணும். பாவம், ராத்திரியெல்லாம் தூங்கலன்னு கேள்வி." பல்பைப் பழைய துணியில் சுற்றி மஞ்சள்பையில் போட்டுக்கொண்டான். "நீ கடையத் தெற. வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா உனக்கு ஒடம்புக்கு ஆகாது."

அவள் கடையைத் திறந்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பார்த்தபோது அவன் பாலத்தைத் தாண்டிக் கயிற்றுக்கடை முன்னால் நின்றிருந்தான். ஏதோ சொன்னான். அண்ணாந்து மொட்டைக் கம்பத்தைக் காட்டினான். பிறகு, பல்பை எடுத்துக் காட்டத்தான், பைக்குள் கையை விட்டான்.

பலவேசத்துக்குத் தெரிந்தது பைக்குள் போன கை மட்டும்தான்.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தரையெல்லாம் நீலக் கண்ணாடி. பலவேசம் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அந்தச் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறையும் அவனுக்கு வெட்டத் தெரியவில்லை. ஆனால் போதுமான அளவுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லி ஆவது ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் எரிந்தது. அறை கொடுத்தவர், அறை வாங்கியவர் இரண்டு பேரும் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. ஜனங்கள் முகாம் வாசலில் வந்து முட்டினார்கள். மேஜர் ஒகேலோ கேட்டுக்கு உள்ளே நின்றார். அவர் நெஞ்சில் பெட்டி இருந்தது.

"தலையிடுவதற்கு எமக்கு ஆணை வழங்கப்படவில்லை" என்றது பெட்டி. "ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

மேஜர் வாயே திறக்கவில்லையே என்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற தங்கபுஷ்பம் கவனித்தாள். அது தானாகவே பேசப் பழகிவிட்டிருந்தது. அவர் கையில் ஒரு பூட்டு இருந்தது. வெகுநேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பூட்டினார்.

பிணங்களை எண்ணி முடித்து மேலே அனுப்பியதும் அஞ்சாவது நாடு அன்றே கையெழுத்துப் போட்டது.

புது சாமான் வந்தது, புது மிஷின் வந்தது, புது மேஜர் வந்தார். ஒகேலோ எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. புதுப் பெட்டி ஊர்ப் பேச்சு படித்துவிட்டு வந்திருந்தது. "எக்கா, இட்லி சூடா இருக்குல்லா?" என்று கேட்டபோது தங்கபுஷ்பம் தம்பியின் குரலென்று திரும்பிவிட்டாள். உடன்பாடு ஒன்று எழுதினார்கள். இரண்டு பக்கத்துக் கொலைகளும் சமம் என்று கழிந்துபோயின. மொட்டைக் கம்பத்தில் புது விளக்கு. இதற்கு ஆள் ஏற வேண்டாமாம், அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளுமாம்.

ஊர் மறுபடி அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது.

ஒரு நாள் பலவேசம் பாலத்தைத் தாண்டி வந்து அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். அதுவரை அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவனுக்குப் பக்கத்தில், டவர் வேலைக்காகப் புது மேஜரோடு வந்திருந்த ஒரு தமிழ்ப் பையன், முகாம் மெக்கானிக், இட்லியை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தான். என்ன கேட்டாலும் பதில் சொல்கிற வெள்ளந்திப் பிள்ளை.

"சாயா ஒண்ணு" என்றான் பலவேசம்.

அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் துணியைப் போட்டுக் குண்டாவைத் தூக்கினாள்.

"பல்புன்னு வாயால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, தாயீ" என்றான் பலவேசம், தரையைப் பார்த்தபடி. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா."

காலிலிருந்து ஒன்று கிளம்பி ஏறியது. வயிறு, நெஞ்சு, தொண்டை வரைக்கும் வந்தது. குண்டா அவன் தலைக்கு நேராக இருந்தது. ஒரு சாய்ப்புத்தான்.

கை நனைந்த கயிறு மாதிரி தொளதொளவென்று இறங்கியது.

அவள் குண்டாவை அடுப்பில் வைத்தாள். டீத்தூள் போட்டாள். வடிகட்டி, ஆற்றி, அவன் முன்னால் வைத்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெக்கானிக் பையன் விரலை நக்கிக்கொண்டிருந்தான். தம்பி, அந்த டவர் நெசமாவே ஓடுதா என்று கேட்டால் அவன் சொல்லிவிடுவான். ஓடுகிறது என்று சொன்னால் ஒரு கொடுமை. ஓடவில்லை என்று சொன்னால், கையை இறக்கியது அவளேதான்; அது அதைவிடக் கொடுமை.

தங்கபுஷ்பம் அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு இட்லி வைக்கவா, ராசா?" என்று கேட்டாள்.